வீட்டு வாசலில் தொடங்கும் பயணம்

நுழையும்முன்

இரயில் வந்தால் ஊர் வளரும் என்பர். வந்து நின்ற இரயிலிலிருந்து இறங்குவோர் அடுத்து எங்கே கால் வைக்கின்றனர் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நிலையத்திற்கும் வீட்டிற்கும் இடையே உள்ள சில நூறு மீட்டர் தெருவே, ஒருவர் பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்துவதா கைவிடுவதா என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்கிறது. அத்தெருவின் இன்றைய நிலையையும் அது அமைய வேண்டிய முறையையும் இப்பாடம் ஆராய்கிறது.

நிலையமும் நகரும்

1931ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார இரயில்கள் ஓடத் தொடங்கின. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே, 1920களில், மாம்பலம் நிலையத்தின் கிழக்கே தியாகராய நகர் என்னும் புதிய குடியிருப்பு உருவாகியிருந்தது. இருப்புப்பாதையை ஒட்டி வளர்ந்த இத்தகைய குடியிருப்புகளுக்கு அடிப்படையாக இருந்தது எளிய எண்ணம் ஒன்றே: இரயிலைவிட்டு இறங்கியவர் நடந்தே வீடு சேரலாம்.

காலப்போக்கில் நகரின் ஊர்திகள் பெருகின. 1995ஆம் ஆண்டு பறக்கும் இரயில் சேவையும், 2015ஆம் ஆண்டு மெட்ரோ இரயில் சேவையும் சென்னையில் தொடங்கின. குளிரூட்டிய பெட்டிகளும், நகரும் படிக்கட்டுகளும், தானே திறக்கும் கதவுகளும் வந்தன. ஆனால், நிலையத்தின் வாயிலைக் கடந்து வெளியே வரும் பயணி, பல இடங்களில், உடைந்த நடைபாதையையும், அதன்மேல் நிறுத்தப்பட்ட இருசக்கர ஊர்திகளையும், மூடியில்லாத வடிகாலையுமே எதிர்கொள்கிறார். நிலையத்தினுள் கிடைத்த மதிப்பு வெளியே அவருக்குக் கிடைப்பதில்லை.

பயணத்தின் மூன்று பகுதிகள்

பொதுப் போக்குவரத்துப் பயணம் என்பது ஊர்தியில் ஏறியதும் தொடங்கி இறங்கியதும் முடிவதன்று. வீட்டிலிருந்து நிலையம்வரை நடப்பது முதற்பகுதி. ஊர்தியில் செல்வது இரண்டாம் பகுதி. இறங்கிய இடத்திலிருந்து சேர வேண்டிய இடம்வரை செல்வது மூன்றாம் பகுதி. இவற்றுள் முதலும் முடிவும் பெரும்பாலோர்க்குக் கால்நடையே ஆகும். பேருந்தில் செல்பவர், இரயிலில் செல்பவர், பங்கு ஆட்டோவைப் பிடிப்பவர் ஆகிய அனைவரும் முதலில் பாதசாரிகளே.

கல்லூரி மாணவி ஒருத்தியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவள் வீட்டிலிருந்து நிலையம் 700 மீட்டர். இறங்கும் நிலையத்திலிருந்து கல்லூரி 700 மீட்டர். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் ஒவ்வொரு பகுதிக்கும் எட்டு நிமிடங்களுக்குச் சற்று மிகுதியான நேரம் ஆகும். நல்ல தெருவில் இஃது ஒரு பொருட்டன்று. வெயிலில் நிழலின்றியும், மழையில் தேங்கிய நீரைத் தாண்டியும், இரவில் விளக்கில்லாத வளைவுகளைக் கடந்தும் செல்ல வேண்டுமாயின், அந்த எட்டு நிமிடங்களே அவளது பயணத்தின் மிகக் கடினமான பகுதியாகிவிடும். மாலை வகுப்பு முடிந்து இருட்டிய பின் தனியே நடக்க வேண்டுமே என்னும் அச்சத்தால், பெற்றோர் அவ்வகுப்பையே வேண்டாம் என்று தடுத்துவிடவும் கூடும். அவ்வாறாயின், அவளிடமிருந்து வாய்ப்பைப் பறித்தது தொலைவு அன்று, தெருவே ஆகும்.

தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். பயணத்திற்குப் பொருள் தடையாக இருந்த நிலையை இத்திட்டம் மாற்றியது. அப்பேருந்து நிற்கும் இடம்வரை அச்சமின்றி நடந்து செல்ல இயலும்போதே அதன் பயன் முழுமை பெறும்.

வட்டம் சுருங்கும் கணக்கு

2017ஆம் ஆண்டு நடுவண் அரசு வெளியிட்ட, பொதுப் போக்குவரத்தை மையமாகக் கொண்ட நகர வளர்ச்சிக் கொள்கை, நிலையத்தைச் சுற்றி 500 முதல் 800 மீட்டர்வரை உள்ள பகுதியை அந்நிலையத்தின் செல்வாக்கு மண்டலம் எனக் கருதுகிறது. ஏறத்தாழப் பத்து நிமிடங்களில் நடந்து சேரக்கூடிய தொலைவு அது.

நிலையத்தை மையமாக வைத்து 800 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்தால், அதன் பரப்பு ஏறத்தாழ 2 சதுர கிலோமீட்டர். நடைபாதை இல்லாமையாலோ, கடக்க இயலாத சாலையாலோ, நீண்ட சுற்றுச்சுவராலோ மக்கள் நடந்து வரக்கூடிய தொலைவு 400 மீட்டராகக் குறைந்துவிட்டது என்று கொள்ளலாம். ஆரம் பாதியாகக் குறைகிறது. பரப்போ அரை சதுர கிலோமீட்டராக, அதாவது நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. குடியிருப்புகள் எங்கும் ஒரே செறிவில் இருப்பின், நிலையத்தை நடந்து சேரக்கூடியோரின் எண்ணிக்கையும் நான்கில் ஒன்றாகிவிடும். பெரும்பொருள் செலவிட்டுக் கட்டிய நிலையத்தின் பயன், தெருவின் குறையால் இவ்வாறு சுருங்குகிறது.

வரைபடத்தில் தெரியும் தொலைவு வேறு. கால்கள் கடக்கும் தொலைவு வேறு. சென்னையின் பறக்கும் இரயில் தடத்தில் பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயை ஒட்டிச் செல்கிறது. எதிர்க்கரையில் வாழ்பவருக்கு நிலையம் கண்ணெதிரே தெரியும். பாலம் தொலைவில் இருந்தால் அவர் நெடுந்தொலைவு சுற்றியே அதை அடைய இயலும். இருப்புப்பாதையும் இவ்வாறே ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. சுற்றுவழியைத் தவிர்க்க விரும்பித் தண்டவாளத்தைக் குறுக்கே கடப்போர் உயிரிழக்கும் துயரம் இன்றும் தொடர்கிறது. அது சட்டப்படி குற்றமாகும்; உயிருக்கும் கேடாகும். எனினும், மக்கள் மீண்டும் மீண்டும் ஓரிடத்தில் குறுக்கே கடக்கின்றனர் என்றால், அங்கே ஒரு வழி தேவைப்படுகிறது என்பதையும் திட்டமிடுவோர் உணர்தல் வேண்டும்.

நடைபாதையின் இலக்கணம்

நடைபாதைக்கும் இலக்கணம் உண்டு. இந்தியச் சாலைப் பேராயம் 2012ஆம் ஆண்டு வெளியிட்ட பாதசாரி வசதிகளுக்கான வழிகாட்டு நெறிகள் அதனை வகுத்துரைக்கின்றன. நடப்பதற்குரிய தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருத்தல் வேண்டும். இவ்வளவு அகலம் இருந்தால்தான் எதிரெதிரே வரும் இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடக்க இயலும். தலைக்குமேல் 2.2 மீட்டர் உயரம்வரை கிளையோ பலகையோ இடிக்கலாகாது. நடைபாதை சாலையைவிட 150 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்திருத்தல் கூடாது.

உயரம் பற்றிய இவ்விதி சிறியதாகத் தோன்றலாம். முழங்கால் அளவிற்கு உயர்த்திக் கட்டப்பட்ட நடைபாதையில் முதியோர் ஏற இயலாது. குழந்தையை இடுப்பில் சுமந்த தாய் ஏறத் தயங்குவார். ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் இறங்கி மீண்டும் ஏற வேண்டிய நடைபாதையைவிடச் சாலை ஓரமே மேல் என்று மக்கள் கீழே இறங்கிவிடுகின்றனர். நடைபாதை இருந்தும் மக்கள் சாலையில் நடப்பதற்கு அவர்களது ஒழுங்கின்மையைக் காரணமாகக் கூறுவதுண்டு. நடைபாதையின் அமைப்பே அவர்களைச் சாலைக்குத் தள்ளுகிறது என்பதே பல இடங்களில் உண்மை.

நன்கமைந்த நடைபாதை மூன்று பகுதிகளைக் கொண்டது. கட்டடத்தை ஒட்டிய பகுதி, கடைவாயிலில் நிற்போர்க்கு உரியது. நடுப்பகுதி நடப்போர்க்கு மட்டுமே உரியது. சாலையை ஒட்டிய பகுதியில் மரம், விளக்குக் கம்பம், மின்பெட்டி, இருக்கை, குப்பைத்தொட்டி ஆகியவை இடம்பெறும். மரத்தையும் கம்பத்தையும் நடுப்பகுதியில் நட்டுவிட்டால், எவ்வளவு அகலமான நடைபாதையும் பயனற்றதாகும்.

சாலையைக் கடத்தல்

நிலையத்தைச் சேர்வதற்குப் பெரும்பாலும் ஒரு பெருஞ்சாலையைக் கடக்க வேண்டியுள்ளது. இந்தியாவில் 2022ஆம் ஆண்டு சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பாதசாரி ஆவார்.

18 மீட்டர் அகலமுள்ள சாலையை, நொடிக்கு 1.2 மீட்டர் நடக்கும் இளைஞர் 15 நொடிகளில் கடந்துவிடுவார். நொடிக்கு 0.8 மீட்டர் மட்டுமே நடக்கக்கூடிய முதியவருக்கு 22 நொடிகளுக்கு மேல் ஆகும். போக்குவரத்து விளக்கு 15 நொடிகளில் மாறிவிட்டால், முதியவர் நடுச்சாலையில் நிற்க நேரிடும். விளக்கின் நேரத்தை மெதுவாக நடப்பவருக்கு ஏற்ப அமைத்தலும், சாலை நடுவே நின்று இளைப்பாறப் பாதுகாப்பான திட்டு அமைத்தலும் இதற்குரிய எளிய தீர்வுகள்.

பெருஞ்சாலைகளில் நடைமேம்பாலம் அமைப்பது வழக்கம். ஊர்திகள் தடையின்றிச் செல்வதற்காக, நடப்பவர் ஐந்து மீட்டருக்கு மேல் ஏறி இறங்க வேண்டியுள்ளது. மின்தூக்கியோ நகரும் படிக்கட்டோ இயங்காத மேம்பாலத்தை முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த இயலாது. சாலை மட்டத்திலேயே பாதுகாப்பாகக் கடக்க இயலும் இடங்களில் அம்முறையே சிறந்தது. பல தடங்கள் ஒன்றுகூடும் இடங்களில் மேம்பாலமும் சுரங்க நடைபாதையும் தேவைப்படலாம். அங்கே மின்தூக்கி நாள்தோறும் இயங்குவதை உறுதிசெய்வது பாலம் கட்டுவதற்கு நிகரான கடமையாகும்.

யாவர்க்குமான தெரு

தெருவை அளக்கச் சிறந்த அளவுகோல் வலிமையுள்ள இளைஞரின் கால்கள் அல்ல. பார்வைத்திறன் அற்றவர், சக்கர நாற்காலியில் செல்பவர், எட்டு வயதுக் குழந்தை, எண்பது வயது மூதாட்டி ஆகியோர் துணையின்றிச் செல்ல இயலும் தெருவில் யாவரும் செல்ல இயலும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், போக்குவரத்து வசதிகளும் பொது இடங்களும் அவர்கள் அணுகத்தக்கனவாக அமைதல் வேண்டும் என வலியுறுத்துகிறது.

மெட்ரோ நிலையங்களின் தரையில் மஞ்சள் நிறத்தில் புடைப்புக் கற்கள் பதிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். நீண்ட கோடுகள் கொண்ட கல் ‘இவ்வழியே செல்க’ என்பதையும், புள்ளிகள் கொண்ட கல் ‘நிற்க, கவனிக்க’ என்பதையும் காலுக்கும் கைத்தடிக்கும் உணர்த்தும். அந்த மஞ்சள் வழி பல நிலையங்களில் வாயிலோடு நின்றுவிடுகிறது. பார்வைத்திறன் அற்றவரின் பயணமோ அங்கு நிற்பதில்லை.

தெரியுமா?
புடைப்புக் கற்களை 1965ஆம் ஆண்டு உருவாக்கியவர் சப்பான் நாட்டைச் சேர்ந்த செயீச்சி மியாக்கே. 1967ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் ஒக்கயாமா நகரில், பார்வைத்திறன் அற்றோர் பள்ளிக்கு அருகிலிருந்த தெருவில் அவை முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. இன்று உலகெங்கும் நிலையங்களில் காணப்படும் இக்கற்கள், முதலில் ஒரு தெருவிற்காகவே அமைக்கப்பட்டவை.

கடையும் நடையும்

நிலையத்தை ஒட்டிய தெரு என்றதும் சென்னை மக்கள் நினைவில் எழுவது மாம்பலம் நிலையத்தின் அருகிலுள்ள இரங்கநாதன் தெரு. துணிக்கடைகளும், பாத்திரக் கடைகளும், தெருவோர வணிகர்களும், இரயிலைப் பிடிக்க விரைவோரும் அங்கு நெருங்கிக் கலந்துள்ளனர். ஆளுயரத் தடைகள் இல்லாவிடினும், கூட்டமே அங்கு தடையாகிறது.

நடைபாதைக் கடைகள் அனைத்தையும் அகற்றிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்பாரும் உளர். நிலையத்தின் அருகே பூவும் பழமும் விற்பவர், நடப்போரை நம்பியே வாழ்கிறார். நடப்போரும் வீடு திரும்பும் வழியில் அவரிடம் வாங்குகின்றனர். இரவு ஒன்பது மணிக்கும் விளக்கெரியும் கடை, அவ்வழியே தனியே செல்லும் பெண்ணுக்குத் துணையாகிறது. நகரியல் எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ், 1961ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில், தெருவின் பாதுகாப்பு அங்குள்ள மக்களின் கண்களைப் பொறுத்தது என விளக்கினார். வணிகர்களின் கண்கள் அத்தகையவை.

ஆயினும், கடை நடைவழியை முழுவதும் அடைத்துக்கொண்டால், சக்கர நாற்காலியில் வருபவர் பேருந்துகளின் நடுவே செல்ல நேரிடும். இருவரது உரிமையும் மெய்யானது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் சட்டம் இதற்கு ஒரு வழியைக் காட்டுகிறது. நகர விற்பனைக் குழு அமைத்து, அதன் உறுப்பினர்களுள் குறைந்தது 40 விழுக்காட்டினர் வணிகர்களின் பிரதிநிதிகளாக இருக்க, விற்பனைக்குரிய இடங்களை முறைப்படுத்த வேண்டும் என்கிறது அச்சட்டம். நடைவழியின் 1.8 மீட்டரைத் தொடாமல் கடைக்கு இடம் ஒதுக்கும் தெருவில் இருவரும் வாழ இயலும். அகற்றப்பட வேண்டியது எது என்று ஆராயும்போது, நாள் முழுவதும் நடைபாதையில் நிறுத்தப்படும் ஊர்திகளையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.

சென்னை காட்டும் பாடம்

2014ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சி, நடப்போர்க்கும் மிதிவண்டியில் செல்வோர்க்கும் முன்னுரிமை தரும் இயந்திரமில்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான தன் நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை இவ்வசதிகளுக்குச் செலவிட வேண்டும் என அக்கொள்கை கூறியது. இந்திய மாநகரங்களுக்கு இது முன்னோடியான முயற்சியாகும். 2019ஆம் ஆண்டு நவம்பரில், பாண்டி பஜார் எனப்படும் தியாகராயச் சாலையில் அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டு மே மாதம், மாம்பலம் இரயில் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் நீளமுள்ள ஆகாய நடைமேம்பாலம் திறக்கப்பட்டது. நெரிசலில் சிக்காமல் இரயிலிலிருந்து பேருந்திற்கு மாறிச் செல்ல அது வழி செய்தது.

இம்முயற்சிகள் பாராட்டத்தக்கவை. அவை உணர்த்தும் மற்றோர் உண்மையும் உண்டு. சங்கிலியின் வலிமை அதன் மிக மெலிந்த கண்ணியைப் பொறுத்தது. ஒரு சாலையில் நடைபாதை மிகச் சிறப்பாக அமைந்திருப்பினும், அதிலிருந்து பிரியும் தெருவில் அது அறுபட்டுவிட்டால், முதியவர் அவ்வழியைப் பயன்படுத்தத் தயங்குவார். காட்சிக்குரிய ஒரு சாலையைவிட, நிலையத்தைச் சுற்றி அறுபடாமல் செல்லும் எளிய நடைவழிகளின் வலையே மிகுந்த பயன் தருவது.

வலை அறுபடுவதற்கு நிருவாக அமைப்பும் ஒரு காரணம். நிலையம் ஒரு துறைக்கு உரியது, சாலை மற்றொன்றுக்கு, மின்பெட்டி, குடிநீர்க் குழாய், பேருந்து நிறுத்தம் ஆகியன வெவ்வேறு துறைகளுக்கு. ஒரு துறை அமைத்த நடைபாதையை மற்றொரு துறை தோண்டுகிறது. பயணிக்கோ இவ்வெல்லைகள் தெரிவதில்லை. அவருக்கு அது ஒரே வழி. நிலையம் கட்டும்போதே அதைச் சுற்றியுள்ள தெருக்களையும் அதன் பகுதியாகக் கருதித் திட்டமிடுவதே இதற்கு நிலையான தீர்வாகும்.

ஆற்றுப்படுத்தும் தெரு

தமிழில் ‘ஆறு’ என்னும் சொல்லுக்கு வழி என்னும் பொருளும் உண்டு. பரிசில் பெற்று மீளும் கலைஞர், எதிர்ப்படும் கலைஞருக்கு, வள்ளலிடம் செல்லும் வழியைக் கூறி அனுப்புவது ஆற்றுப்படை. வழியில் உள்ள நிலமும், அங்கு வாழும் மக்களும், கிடைக்கும் உணவும் அதில் எடுத்துரைக்கப்படும். புதியவர் இடர்ப்படாமல் சென்று சேர வேண்டும் என்னும் பரிவே அதன் அடிப்படை.

இன்றைய நகரத் தெருவிலும் அப்பரிவு வேண்டும். நிலையத்தைவிட்டு வெளியேறும் புதியவர், எத்திசையில் மருத்துவமனை, எவ்வளவு தொலைவில் பேருந்து நிறுத்தம் என்பதை யாரையும் கேளாமல் அறிய, தெளிவான தமிழில் வழிகாட்டிப் பலகைகள் இருத்தல் வேண்டும். நிழல்தரும் மரமும், அமர இருக்கையும், குடிநீரும், தூய்மையான கழிப்பறையும் வழியில் இருத்தல் வேண்டும். இவை அழகுப் பொருள்கள் அல்ல. இவை இல்லாத நகரில், நோயுற்றோரும் முதியோரும் வீட்டைவிட்டு வெளியேறுவதையே குறைத்துக்கொள்கின்றனர்.

நடப்பது உரிமை

பாதசாரிகள் நடைபாதையைப் பயன்படுத்துவது, அரசமைப்பின் 21ஆம் பிரிவு உறுதியளிக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்பதை 2025ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. எனவே நடைபாதை என்பது, ஊர்திகளுக்கு இடம் ஒதுக்கியபின் எஞ்சுவதைக் கொண்டு அமைக்கப்படும் சலுகை அன்று.

உரிமையைக் காப்பதில் மக்களுக்கும் பங்குண்டு. நடைபாதையில் ஊர்தியை நிறுத்தாமையும், வீட்டு வாயிலின் சாய்தளத்தை நடைவழிமீது நீட்டாமையும், உடைந்த வடிகால் மூடியைக் கண்டால் உள்ளாட்சி அமைப்பிடம் தெரிவித்தலும் யாவரும் செய்யக்கூடியவை. பள்ளிக்கு நாள்தோறும் நடந்து செல்லும் மாணவர்கள், தங்கள் தெருவின் குறைகளை எந்தப் பொறியாளரைவிடவும் நன்கு அறிவர். அவ்வறிவு எழுத்தாகி உரியவரைச் சென்று சேர வேண்டும்.

இரவு எட்டு மணிக்கு நிலையத்தைவிட்டு வெளியேறும் மாணவி, தெருவிளக்கின் ஒளியில், சமமான நடைபாதையில், பூக்கடையைத் தாண்டி, சாலையை அச்சமின்றிக் கடந்து எட்டு நிமிடங்களில் வீடு சேர்கிறாள் என்றால், மறுநாளும் அவள் மாலை வகுப்பிற்குச் செல்வாள். நிலையம் கட்டியதன் நோக்கம் அவள் வீட்டு வாசலில்தான் நிறைவேறுகிறது.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள பேருந்து நிறுத்தம் அல்லது இரயில் நிலையத்திலிருந்து பள்ளிவரை குழுவாக நடந்து, நடைபாதையின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து, தடைகளைக் குறித்து வரைபடம் ஒன்று உருவாக்குக.

2. அவ்வரைபடத்தின் அடிப்படையில், செய்ய வேண்டிய சீரமைப்புகளை வேண்டி உள்ளாட்சி அமைப்பின் ஆணையர் அல்லது செயல் அலுவலருக்கு விண்ணப்பம் எழுதுக.

3. ‘நடைபாதை நடப்போர்க்கே’, ‘நடைபாதையில் வணிகர்க்கும் இடம் உண்டு’ ஆகிய இரு கருத்துகளையும் ஒட்டியும் வெட்டியும் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.